ஆனைத்தெருவுக்கு ஒரு மதகு

கண்டி றோட்டு பிறக்கும்போதே றோட்டாகப் பிறக்கவில்லை. வன்னியிலே பிடித்த யானைகளைக் கப்பலேற்ற நடத்திக்கொண்டு போனார்கள். யானை எந்தப் பக்கம் வளைந்ததோ அந்தப் பக்கம் வழியும் வளைந்தது. நிழல் கண்டால் யானை திரும்பும், குளம் கண்டால் இறங்கும், யாரிடமும் அனுமதி கேளாது. பிறகு பறங்கி வந்தான், அவனுக்குப் பின் ஒல்லாந்தன் வந்தான். ஒல்லாந்தன் எல்லாக் காணியையும் தோம்பிலே எழுதிவைத்தவன். இந்தத் தெருவின் அகலத்தையும் எழுதினான், நாற்பதடி என்று. கடைசியாக இங்கிலீசுக்காரன் வந்து, கடுதாசியிலே வரைகோலை வைத்து ஒரு கோடு இழுத்தான். கோடு வெகு நேராக இருந்தது. கொடிகாமத்துக்கு மேற்கே ஒரு மைல் தொலைவில் தெருவின் பழைய வளைவு அந்தக் கோட்டுக்கு வெளியே விழுந்தது. விழுந்தது விழுந்ததுதான். அந்த வளைவுக்குத்தான் ஆனைத்தெரு என்று பெயர்.

வளைவு என்றால் இரண்டு வாய் இருக்கவேண்டும். இதற்கும் இருந்தது. கிழக்கு வாய் இராசநாயக முதலியாரின் தென்னந்தோட்டத்துக்குள் நுழைந்தது. திரும்பி வெளியே வரவில்லை. மேற்கு வாய் மட்டும் கண்டி றோட்டைப் பார்த்துத் திறந்திருந்தது.

அகலமும் நாற்பதடியிலே நிற்கவில்லை. எங்கள் ஊரில் வேலிக்கு உயிர் உண்டு. கதியால் என்கிற பச்சைத் தடியை நட்டால் துளிர்க்கும். வருடா வருடம் கிடுகு மாற்றி அடைக்கிறபோது அரைச் சாண் தெருப்பக்கம் நடக்கும். ஒருவரும் அதைத் தள்ளுவதில்லை, தானாகவே நடக்கிறது. அதிசயம் என்னவென்றால், எந்த வேலியும் வீட்டுப்பக்கம் நடந்ததாக ஒரு செய்தி இல்லை. இரண்டு யானை சோடியாகப் போன தெருவில் இப்போது ஒரு மாட்டுவண்டி போனால் இரண்டு பக்கத்துக் கிடுகையும் உரசிக்கொண்டுதான் போகும்.

ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தாறில் மோட்டார்கார்கள் வழுக்கிக்கொண்டு ஓடவேண்டும் என்று கண்டி றோட்டை உயர்த்தித் தார் ஊற்றினார்கள். தண்ணீர் வடிய ஓரத்திலே ஐந்தடி அகலத்தில் வாய்க்கால் வெட்டினார்கள். அது ஆனைத்தெருவின் ஒரே வாயையும் குறுக்கே அறுத்துக்கொண்டு போயிற்று. மற்ற ஒழுங்கைகளுக்கெல்லாம் வாய்க்காலுக்கு மேலே வண்டி போக மதகு வைத்தார்கள். ஆனைத்தெருவுக்கு வைக்கவில்லை. மறந்துவிட்டார்கள் என்று சொல்வது தவறு. பெருந்தெருக்கள் கிளைத்தெருக்கள் பரிபாலன உபசபை எதையும் மறப்பதில்லை. ஆனைத்தெரு பட்டியலில் இல்லை. பட்டியலில் இல்லாத தெருவுக்கு மதகு இல்லை.

ஊரவர்கள் பனங்குற்றி போட்டு வண்டி கடத்தினார்கள். சபையின் ஆட்கள் வந்து எடுத்துப் போனார்கள். திரும்பவும் போட்டார்கள், திரும்பவும் எடுத்தார்கள். அந்த மாரியிலேதான் வண்டிக்கார நமசிவாயத்தின் பெண்சாதி நல்லம்மாவுக்கு நிறைமாதத்தில் நோ கண்டது. வண்டியை வாய்க்கால் கடத்த வழியில்லை. கதிரையிலே இருத்தி நாலு பேர் தூக்கினார்கள். வாய்க்கால் கரையில் அந்த நாலு பேரில் ஒருவனுக்குக் கால் வழுக்கியது. தாயும் போனாள், வயிற்றிலே இருந்ததும் போயிற்று.

மாசம் கழிந்து நமசிவாயம் மூன்றாந்தரம் பனங்குற்றி போட்டான். வாய்க்காலில் பொருள் வைத்து நீரோட்டத்துக்கு இடைஞ்சல் செய்ததற்காக அவனுக்குத் தண்டம் அடித்தார்கள். மனைவி அதே வாய்க்காலில் விழுந்து நீரோட்டத்துக்கு இடைஞ்சல் செய்ததற்குத் தண்டம் அடிக்கவில்லை. அது சபையின் இரக்கம்.

சிவக்கொழுந்தின் வளவு ஆனைத்தெருவின் கடைசியில் இருந்தது. கத்தரியும் மிளகாயும் வைத்துக் கொடிகாமம் சந்தைக்குக் கொடுப்பவள். புருசன் மலாயாவில் றெயில் பாதை போடுகிறான். வருடத்துக்கு இரண்டு கடிதம் வரும், இரண்டிலும் மழை பெய்துகொண்டிருக்கும். ஒரே மகள் குணலட்சுமியை உடுப்பிட்டியில் கட்டிக்கொடுத்திருந்தாள். தலைப்பிள்ளை தாய்வீட்டிலேதானே பெறவேண்டும், மகள் ஐந்தாம் மாதமே வந்துவிட்டாள். ஆவணியில் சாவகச்சேரி ஆசுப்பத்திரி டாக்குத்தர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: பிள்ளை குறுக்கே கிடக்கிறது. அது திரும்பாவிட்டால், நோ கண்டவுடன் வண்டியில் கிடத்திக் கொண்டுவந்துவிட வேண்டும். நடத்தக்கூடாது, தூக்கிக் குலுக்கவும் கூடாது.

கணக்குக் கார்த்திகைக் கடைசி. அதாவது நல்ல மாரி.

சிவக்கொழுந்து விரலை மடித்து எண்ணிப் பார்த்தாள். மூன்று மாசம் இருந்தது. மூன்று மாசத்திலே கத்தரி பூத்துக் காய்த்துவிடும். ஒரு மதகு முளைக்காதா என்று நினைத்தாள். பள்ளிக்கூடத்து வாத்தியாரைக் கொண்டு ஒரு பெட்டிசம் எழுதுவித்து, தோய்ந்து, நல்ல சேலை உடுத்திக்கொண்டு சபைக் கந்தோருக்குப் போனாள்.

கந்தோரில் காரியதரிசி தியாகராசா இருந்தார். முப்பது வருட உத்தியோகம். பெட்டிசத்தை அவர் வாசிக்கவில்லை, நிறுத்துப் பார்ப்பதுபோலக் கையில் வைத்திருந்தார்.

"எந்தத் தெரு?"

"ஆனைத்தெரு, அய்யா."

அவர் ஒரு தடித்த புத்தகத்தை எடுத்து விரலால் தடவிக்கொண்டு கீழே போனார். பிறகு மேலே வந்தார்.

"அப்பிடி ஒரு தெரு இல்லை."

"இருக்குதய்யா. நான் அதாலைதான் வந்தனான்."

"நீ வந்திருப்பாய். தெரு இல்லை." புத்தகத்தை மூடினார். "இஞ்சை பார் பிள்ளை, கிளைத்தெரு எண்டால் என்ன? பெருந்தெருவோடை வந்து பொருந்திற தெரு. உன்ரை தெரு பொருந்துதோ?"

"முந்திப் பொருந்தினது. இப்ப குறுக்கை வாய்க்கால் கிடக்கு."

"அப்ப பொருந்தேல்லை. பொருந்தாதது கிளை இல்லை. கிளை இல்லாததுக்கு மதகு இல்லை. விளங்குதோ?"

"மதகு போட்டால் பொருந்துமே, அய்யா."

தியாகராசா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இப்படியொரு முரட்டு யோசனையை அவர் தம் உத்தியோக காலத்தில் கேட்டதில்லை. ஆனாலும் இளகிய மனிதர். போக்குவரத்துக் கணிப்பு என்று ஒன்று உண்டு, கணிப்பில் போதிய வண்டிகள் காணப்பட்டால் தெருவைப் பட்டியலில் ஏற்றலாம், ஓவசியரை அனுப்புகிறேன் என்றார். சிவக்கொழுந்து கும்பிட்டாள். வெளியே வந்தபிறகுதான், கும்பிட்டது எதற்கு என்று யோசித்தாள்.

புரட்டாதி பிறந்து ஓவசியர் லியோன் வந்தான். கடற்கரைக் குருநகர்ப் பெடியன், முப்பது வயது இருக்கும், கையில் குடையும் புத்தகமும். வாய்க்காலுக்கு அப்பால், தார் றோட்டின் ஓரத்தில் கதிரை போட்டு உட்கார்ந்தான். மூன்று நாள் கணிப்பு.

"தம்பி, என்னத்தை எண்ணப் போறாய்?"

"ஆனைத்தெருவாலை வந்து கண்டி றோட்டிலை ஏறுற வண்டியளை, அக்கா."

"ஏறேலாமல் கிடக்கிறதாலைதானே எண்ணச் சொல்லிக் கேட்டது."

"ஓம். எனக்கும் அப்பிடித்தான் கிடக்கு. ஆனால் ஏறேலாமல் நிக்கிற வண்டிக்குப் புத்தகத்திலை நிரல் இல்லை." அவன் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினான். மெய்தான், இல்லை. "எங்கடை பக்கத்திலை கடலுக்குப் பட்டியல் கிடையாது, அக்கா. தோணியைத் தள்ளினால் போகுது."

"பேந்தேன் இந்த உத்தியோகத்துக்கு வந்தனீ?"

"எனக்குக் கடல் ஒத்துவராது. ஏறினால் சத்தி, திண்டதெல்லாம் வெளியிலை."

முதல்நாள் ஒன்றும் ஏறவில்லை. இரண்டாம் நாள் ஓர் ஆடு வாய்க்காலைப் பாய்ந்து கடந்தது. லியோன் நேர்மையான மனிதன், எழுதினான்: ஆடு ஒன்று, சுமை இல்லை.

அன்று பின்னேரம் நமசிவாயம் வந்து சிவக்கொழுந்தின் படலையடியில் நின்றான். பெண்சாதி போனபிறகு அவன் அதிகம் கதைப்பதில்லை.

"அக்கை, நாளைக்கு வண்டி ஏறும்," என்றான்.

மூன்றாம் நாள் ஆனைத்தெருவில் இருந்த ஆம்பிளைகள் எல்லோரும் சேர்ந்து அவன் வண்டியைக் கழற்றினார்கள். சில்லு இரண்டும் தலையிலே போயின. அச்சு தோளிலே போனது. நுகம், பெட்டி, வைக்கோல் எல்லாம் வாய்க்காலில் இறங்கி ஏறின. மாடுகள் தாமாகவே பாய்ந்தன. தார் றோட்டிலே வைத்து வண்டியைப் பூட்டினார்கள். நமசிவாயம் ஏறி உட்கார்ந்து லியோனைப் பார்த்தான். பிறகு இறங்கினான், கழற்றினான், திருப்பிக் கொண்டுபோனான். மறுபடி கொண்டுவந்தான். பொழுதுபடுவதற்குள் ஒரு வண்டி பதினான்கு வண்டியாயிற்று. தோள் தோலுரிந்துபோய்ச் சனம் வாய்க்கால் கரையிலே குந்தியிருந்தது.

ஒரு மாசத்தில் சபையின் பதில் வந்தது. வாத்தியார் வாசித்தார்.

"மேற்படி இடத்தில் நடந்த கணிப்பில் வண்டிகள் எவையும் பெருந்தெருவில் ஏறவில்லை. வண்டிகளின் பாகங்களே ஏறின. அப்பகுதி மக்கள் தங்கள் வண்டிகளைத் தலையில் சுமந்து செல்வதை வழக்கமாகக் கொண்டுள்ளமையும், அதற்கு மதகு தேவைப்படாமையும் தெளிவாகின்றது. ஆடு குறித்து மேல்விசாரணை நடைபெறும்."

குணலட்சுமிக்கு ஏழு முடிந்து எட்டு நடந்தது. பிள்ளை இன்னும் குறுக்கேதான் கிடந்தது.

"எணை அம்மா, விடன்," என்றாள் அவள். "நான் உடுப்பிட்டிக்கே போறன். அங்கை றோட்டெண்டாலும் இருக்கு."

"எப்பிடிப் போவாய்? பறந்தோ? உடுப்பிட்டிக்குப் போறவைக்கும் அதே வாய்க்கால்தான்." தாய் சொல்லிவிட்டுச் சேலையை மாற்றினாள். அன்றைக்கு நல்ல சேலை உடுத்தவில்லை, தோட்டத்துச் சேலையோடே போனாள்.

தியாகராசா அவளைக் கண்டு பெருமூச்சு விட்டார். இனி ஒரு வழிதான் உண்டு என்றார். ஆனைத்தெரு கிளைத்தெரு அல்ல, பழைய பெருந்தெருவே அதுதான் என்று காட்டினால், சரித்திரப் பிரிவின்கீழ்ச் சபைக்கு வைக்கலாம். தோம்பைப் பார்க்கவேண்டும். தோம்பு பார்த்தார்கள். ஒல்லாந்தனின் எழுத்தில் எறும்பு ஊர்ந்ததுபோல எழுதிக் கிடந்தது, நாற்பதடி. ஐப்பசி நடுவிலே சபை கூடியது.

மண்டபத்தில் பதினொரு கதிரை, பதினொரு சால்வை. பெண்பிள்ளைக்குக் கதிரை கொடுப்பதா இல்லையா என்பது பற்றி விதி இல்லாதபடியால் சிவக்கொழுந்து நின்றாள். தலைமைக் கதிரையில் இராசநாயக முதலியார் இருந்தார். ஆனைத்தெருவின் கிழக்கு வாயை விழுங்கிய தென்னந்தோட்டத்துக்குச் சொந்தக்காரர். அவர் எழுந்து தொண்டையைச் செருமியதும் காரியதரிசி எழுதத் தொடங்கினார்.

"சபையோரே, தெருக்களின் சரித்திரம் பெரியது. இத்தெரு நாற்பதடி என்று தோம்பு சொல்லுகின்றது. ஏழடி என்று ஓவசியர் சொல்லுகின்றார். இருவருமே பொய் சொல்லவில்லை. காலம் செல்லச்செல்லத் தெருக்கள் சுருங்குகின்றன. வயதுபோன மனிதர் சுருங்குவதை நாம் காணவில்லையா? ஆனைத்தெருவுக்கு வயது போய்விட்டது."

"கண்டி றோட்டுக்கும் அதே வயதுதானே, முதலியார். அது பெருத்துக்கொண்டெல்லோ போகுது," என்றார் மூலைக் கதிரைக்காரர் ஒருவர். அவருக்கு ஆனைத்தெருவில் காணி இல்லை.

"அது அரசாங்கச் சாப்பாடு சாப்பிடுகின்றது," என்றார் முதலியார். சபை சிரித்தது. சிரிப்பையும் காரியதரிசி எழுதினார். "மிச்சம் முப்பத்துமூன்று அடியும் எங்கே போயிற்று என்று சிலர் கேட்கக்கூடும். கேட்பவர்கள் முதலில் தத்தம் வேலியைப் பார்த்துக்கொண்டு கேட்கட்டும்."

பதினொரு பேரில் ஒன்பது பேருக்கு ஆனைத்தெருவில் காணி இருந்தது. ஒன்பது பேரும் மேசையைப் பார்த்தார்கள். சிவக்கொழுந்தும் நிலத்தைப் பார்த்தாள். அவளுடைய வேலியும் சும்மா நிற்கவில்லை. போன பங்குனியில்கூட ஒரு சாண் நடந்தது, கதியாலைப் பிடித்துக்கொடுத்தவளே அவள்தான். முகம் சுட்டது. ஆனாலும் வாய் திறந்தாள்.

"என்ரை வேலியை நான் பின்னாலை எடுக்கிறன், அய்யா. எவ்வளவு எண்டு சொல்லுங்கோ, நாளைக்கே பிடுங்கிறன். மற்றவையும் எடுத்தால் தெரு வந்திடும்."

அவள் ஏதோ ஊத்தை வார்த்தை சொல்லிவிட்டதுபோல முதலியார் சால்வையைச் சரிசெய்தார்.

"பெண்பிள்ளை உணர்ச்சிவசப்பட்டிருக்கிறாள். சபையும் கல்நெஞ்சம் படைத்ததல்ல. நமசிவாயம் என்னும் ஏழையின் மனைவி சென்ற வருடம் அவ்விடத்தில் கர்ப்பவதியாகக் காலஞ்சென்றதை நாம் மறக்கவில்லை. நமது முன்னோர் என்ன செய்தார்கள்? பிள்ளை வயிற்றோடு ஒருத்தி இறந்தால் அவள் பேரால் தெருவோரத்தில் ஒரு சுமைதாங்கி நாட்டினார்கள். இரண்டு கல் நட்டு, மேலே ஒரு கல் குறுக்கே வைத்தார்கள். அவள் இறக்காமற்போன சுமையை, வழிப்போக்கராவது இறக்கி வைத்து ஆறட்டும் என்று. அந்தப் புண்ணியத்தை இச்சபை செய்யும். கருங்கல்லிலே செய்யும்."

கைதட்டல் எழுந்தது. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. அதில் மூன்றாம் பிரிவைக் காரியதரிசியே சொந்தமாக எழுதிச் சேர்த்தார். சபையின் மைல்கல் ஒன்றை எவரோ பிடுங்கி அம்மியாக்கிவிட்ட துக்கம் அவர் மனசில் இருந்தது. "சபையின் பெயர் பொறித்த கல் எவ்விடத்தில் கிடக்கின்றதோ, அவ்விடத்திலிருந்து சபையின் தீர்மானமின்றி எவரும் அதனை அசைத்தலாகாது."

"அய்யா," என்றாள் சிவக்கொழுந்து. "அந்தக் குறுக்குக் கல்லு ஒண்டு போதும். அதை நட்டு வையாமல் வாய்க்காலுக்கு மேலை போட்டு விடுங்கோ. என்ரை பிள்ளைக்குக் கார்த்திகையிலை நாள்."

முதலியார் மேடைத் தமிழிலிருந்து இறங்கி, அன்பாக, வீட்டுத் தமிழில் சொன்னார்:

"பயப்பிடாதை பிள்ளை. உன்ரை மகளுக்கும் ஏதும் நடந்தால் சபை கைவிடாது. பக்கத்திலை இன்னொரு கல்லு நடுகிறதுக்கும் இடம் விடச் சொல்லியிருக்கிறன்."

அவர் அதை மெய்யாகவே ஆறுதலாகத்தான் சொன்னார். சிவக்கொழுந்து வீடுவரை நடந்தே வந்தாள். வழியில் பஸ் நின்று கேட்டது. அவளுக்குக் கேட்கவில்லை.

கல் வேலை கெதியாக நடந்தது. மதகு என்றால் மூன்று மாசம் போதாத சபைக்குச் சுமைதாங்கி என்றதும் மூன்று கிழமை போதுமாயிருந்தது. முதலில் சாதாரண அளவில்தான் கல் சொன்னார்கள். பிறகு முதலியாரின் பெயரும் பட்டங்களும் ஒரு வரியில் கொள்ளவேண்டும் என்று குறுக்குக் கல் ஒன்பதடி ஆயிற்று. அவருடைய தகப்பனாரின் பட்டங்களுக்காக அகலம் மூன்றடி ஆயிற்று. உறுப்பினர் பத்துப் பேரும் தாங்கள் மட்டும் இளக்காரமா என்று கேட்டதில், கால்கல் இரண்டும் பக்கத்துக்கு ஐந்து பேராக அதே அகலத்துக்கு விரிந்தன. பெயர்களை மாடு நக்கக்கூடாது என்று உயரமும் ஏழு அடியாயிற்று. தலைச்சுமையை இறக்கி வைக்கிறவன் ஏணியும் கொண்டுவரவேண்டும் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை.

திறப்புவிழா மார்கழியில் என்று நாள் குறித்து, கார்த்திகை நடுவில் கல்லை லொறியில் அனுப்பினார்கள். லொறியும் வாய்க்காலைக் கடக்க முடியவில்லை. மூன்று கல்லையும் தார் றோட்டின் ஓரத்தில், வாய்க்கால் விளிம்போடு அணைத்து இறக்கிவிட்டுப் போயிற்று.

பத்து நாள் கழித்து மழை தொடங்கியது. இரண்டு நாள் விடாமல் பெய்தது. மூன்றாம் நாள் காலை பத்து மணிபோலக் குணலட்சுமி தூணைப் பிடித்துக்கொண்டு, "எணை அம்மா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

நமசிவாயம் மாட்டைப் பூட்டிக்கொண்டு வந்தான். வண்டிக்குள் வைக்கோல் பரப்பி மகளைக் கிடத்தினார்கள். தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். வாயடியிலே வாய்க்கால் கரை தெரியாமல் ஓடியது. அங்கே இரண்டு பேர் ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு ஆயத்தமாக நின்றார்கள். நமசிவாயம் வண்டியை நிறுத்தினான். கதிரையைப் பார்த்தான்.

"அதை வீட்டை கொண்டு போங்கோ," என்றான்.

சிவக்கொழுந்து அக்கரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மழையிலே கழுவுண்டு மூன்று கருங்கல்லும் பளபளவென்று கிடந்தன.

"தம்பி, அலவாங்கு எத்தினை இருக்கு?"

ஆறு இரும்புக் கடப்பாரை வந்தன. பனங்குற்றி ஒளித்து வைத்திருந்தவர்கள் அதையும் கொண்டுவந்தார்கள்; அந்த வெள்ளத்தில் பாலமாகப் போட்டால் அடிபட்டுப் போகும், கல் உருட்டத்தான் உதவும். ஆம்பிளைகள் நீந்தி அக்கரை ஏறியபோது அங்கே குடையோடு லியோன் நின்றான். வாய்க்கால் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க அவனைச் சபை அனுப்பியிருந்தது. அது ஒழுங்காகத்தான் ஓடியது.

"அக்கா," என்று இக்கரைக்குக் கேட்கச் சொன்னான், "அது சபையின்ரை கல்லு. அசைச்சால் நான் எழுதவேணும்."

"எழுது தம்பி. எவ்விடத்திலை கிடக்கு எண்டு வடிவா எழுது. ஆனால் நாங்கள் முடிச்ச பிறகு பார்த்து எழுது."

லியோன் வண்டிக்குள்ளே இருந்து வந்த சத்தத்தைக் கேட்டான். புத்தகத்தை மடியிலே செருகினான். குடையை மடக்கித் தார் றோட்டிலே வைத்தான்.

"அப்பிடித் தள்ளினால் ஒரு நாளும் போகாது," என்றான். "இதென்ன கத்தரிச் சாக்கோ? தோணி தள்ளுறதுபோலைத் தள்ளவேணும். முதுகைக் குடுங்கோ. குற்றியை உள்ளுக்கை விடுங்கோ. இப்ப எல்லாரும் ஒண்டாய்."

முதல் கால்கல் உருண்டு குறுக்கே போய் இக்கரையில் தலை வைத்தது. இரண்டாவதும் போயிற்று. ஒன்பதடிக் கல்லைத் தள்ளுவதற்கு முன் நமசிவாயம் கையை உயர்த்தினான்.

"அக்கை, பேரை மேலை பார்க்கப் போடவோ, கீழை பார்க்கப் போடவோ?"

"கீழை போட்டால் தண்ணிதான் வாசிக்கும். மேலையே கிடக்கட்டும், ஆக்கள் வாசிக்கட்டும்."

அவன் குனிந்து எழுத்துகளின்மேல் விரலை வைத்தான். வாசிக்கத் தெரியாதவன். "ஓவசியர், நல்லம்மாவின்ரை பேர் இதிலை எவடம்?"

லியோன் ஒரு அந்தத்திலிருந்து மற்ற அந்தம்வரை பார்த்தான். மற்ற இரண்டு கல்லையும் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். முதலியார் பெயர் இருந்தது, அவருடைய தகப்பனார் பெயர் இருந்தது, உறுப்பினர் பெயரெல்லாம் இருந்தன. கடைசி மூலையில் சின்ன எழுத்தில், 'மேற்படி சம்பவத்தின் ஞாபகார்த்தமாக' என்று வெட்டியிருந்தது.

"இல்லை அண்ணை," என்றான். "மேற்படி சம்பவம் எண்டு போட்டிருக்கு."

நமசிவாயம் எழுத்திலிருந்து விரலை எடுத்தான். பிறகு முதுகைக் கொடுத்தான்.

மூன்று கல்லும் ஒட்டிக் கிடந்தபோது அகலம் ஒன்பதடி. ஆனைத்தெருவின் அகலத்தைவிட இரண்டடி கூட. சபையின் பெருந்தன்மை அது. வண்டி ஆடாமல் அசையாமல் ஏறிக் கண்டி றோட்டில் திரும்பியது. லியோன் புத்தகத்தை எடுத்து, நனைந்த பக்கத்தில் எழுதினான்: கல் மூன்று, வாய்க்காலுக்குக் குறுக்கே கிடக்கிறது. வண்டி ஒன்று. முழு வண்டி.

சாவகச்சேரியில் பின்னேரம் மூன்று மணிக்குப் பெண்பிள்ளை பிறந்தது. கத்தி வைத்துத்தான் எடுத்தார்கள். தாய்க்குத் தேற இரண்டு கிழமை பிடித்தது. இரண்டு பேரும் உயிரோடு இருந்தார்கள்.

மார்கழியில் திறப்புவிழாவுக்கு முதலியாரின் மோட்டார்கார் வந்து நின்றது. நாகசுரம் வந்தது, பூமாலை வந்தது. கல்லைக் காணவில்லை. முதலியார் கீழே பார்த்தார். அவருடைய தகப்பனாரின் பட்டங்களுக்கு மேலே ஒரு கத்தரிக்காய் வண்டி போய்க்கொண்டிருந்தது.

"எடுங்கோ இதை. இப்பவே எடுங்கோ," என்றார்.

காரியதரிசி இருமினார். "மூன்றாம் பிரிவு, முதலியார். கல் எவ்விடத்தில் கிடக்கின்றதோ அவ்விடத்திலிருந்து தீர்மானமின்றி அசைத்தலாகாது. கிடக்கிற இடத்தை ஓவசியர் பதிஞ்சிருக்கிறார். முறைப்படி பதிஞ்சிருக்கிறார்."

"அப்ப தீர்மானம் போடும்."

"போடலாம். ஆனால் தீர்மானத்திலை தெருவின்ரை பேர் வரவேணும். ஆனைத்தெரு பட்டியலிலை இல்லை. பட்டியலிலை இல்லாத தெரு நிகழ்ச்சிநிரலுக்கு வராது. பட்டியலிலை ஏத்தினால் வரும். ஏத்தினால் வேலியளை அளக்கவேணும்."

ஒன்பது உறுப்பினர்கள் வானத்தைப் பார்த்தார்கள். மழை மேகம் ஒன்றும் இல்லை.

முதலியார் பெரிய மனிதர்; சந்தர்ப்பம் அறிந்தவர். தொண்டையைச் செருமினார். "சபையோரே, சுமைதாங்கி நிற்கத்தான் வேண்டும் என்று எந்தச் சாத்திரம் சொல்லுகின்றது? நின்றால் ஒருவன் தலைச்சுமையைத் தாங்கும். கிடந்தால் ஊரின் சுமையையே தாங்கும். இப்படிக் கிடத்த வேண்டுமென்பதே ஆதியில் என் எண்ணம்." நாகசுரம் முழங்கியது. அவர் குனிந்து, கத்தரிக்கோலால், கல்லின்மேல் கட்டப்படாத நாடாவை வெட்டுகிற பாவனையில் காற்றை வெட்டினார். கூட்டத்தில் பேத்தியோடு நின்ற சிவக்கொழுந்தை அவர் காணவில்லை. அவளும் கும்பிடவில்லை.

இது மதகு அல்ல, ஞாபகச் சின்னமே என்று சபை பின்பு பதிந்துகொண்டது. ஆகையால் ஆனைத்தெரு இன்றைக்கும் கண்டி றோட்டோடு பொருந்தவில்லை. நாளுக்கு முப்பது வண்டி அந்தப் பொருந்தாத தெருவால் ஏறி இறங்குகிறது. சிவக்கொழுந்து மட்டும் அடுத்த பங்குனியில் தன் வேலியை ஒரு முழம் உள்ளே எடுத்து அடைத்தாள். தெருவில் அந்த ஓரிடம் மாத்திரம் அகலமாக இருந்தது. எதிர்வளவுக்காரர் அதைக் கண்டுவிட்டு, அடுத்த வருடம் தன் வேலியை அந்த ஒரு முழமும் வெளியே நடத்தினார்.

நாலு மாரி போயிற்று. இரும்புப் பட்டை போட்ட சில்லுகள் அரைத்ததில் கல்லின் எழுத்து மழுங்கத் தொடங்கியது. தகப்பனாரின் பட்டங்கள் முதலில் போயின. அடுத்து முதலியாரின் பட்டங்கள் போயின. 'இராசநாயக' வரைக்கும் தேய்ந்தபோது முதலியார் பொறுக்கமாட்டாமல், பெயரைத் திரும்ப வெட்டித் தரும்படி, தாமே தலைவராயிருக்கும் சபைக்கு ஒரு பெட்டிசம் எழுதினார். காரியதரிசி பதில் அனுப்பினார்: மேற்படி கல் பட்டியலில் இல்லாத தெருவில் கிடப்பதால் ஒன்றும் செய்வதற்கில்லை.

நமசிவாயம் அந்த இடம் வந்தால் வண்டியிலிருந்து இறங்கிவிடுவான். மாட்டைக் கயிற்றில் பிடித்து நடத்தி, மூன்று கல்லையும் கடந்த பிறகுதான் திரும்ப ஏறுவான். ஒருநாள் லியோன் அவனைப் பார்த்து, எழுத்தெல்லாம் தேஞ்சு போச்சே அண்ணை, இனி ஆருக்கெண்டு இறங்கிறியள் என்று கேட்டான்.

"அவளின்ரை பேர் தேயேல்லைத்தானே," என்றான் நமசிவாயம். "அது வெட்டினால்தானே தேயிறதுக்கு."